நடுவரின் கண்ணா, ரீப்ளேயா?

2010 ஜூன் 2, டெட்ராய்ட். பேஸ்பால் ஆட்டம். டைகர்ஸ் அணியின் பந்துவீச்சாளர் அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கியிருந்தார். இன்னும் ஒருவர் அவுட் ஆனால் பர்ஃபெக்ட் கேம், அதாவது எதிரணியில் ஒருவரைக்கூட பேஸை எட்டவிடாத ஆட்டம். அந்த 27-வது ஆளும், அடித்துவிட்டு ஓடி எட்ட வேண்டிய முதல் பேஸில் அவுட்தான், ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் 'சேஃப்' (அவுட் இல்லை) என்று கையை விரித்துவிட்டார். ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்ததும் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். முடிவு மட்டும் மாறவில்லை. அப்போது ரீப்ளே, அதாவது வீடியோவை மறுபடி பார்த்து முடிவு செய்வது, ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) சர்ச்சைகளுக்கு மட்டுமே இருந்தது.

2014-இல் விதி விரிந்தது. இன்றென்றால் மேலாளர் முறையிடுவார், நியூயார்க்கில் இருக்கும் நடுவர்கள் திரையில் பார்த்துத் திருத்திவிடுவார்கள். பேஸுக்கு வந்தது ஓடுபவரின் கால் முதலா, பந்து முதலா என்ற கேள்வியில் கேமராதான் மேல்.

சரி, ரீப்ளே எல்லாவற்றையும் தீர்க்குமா? 2021-இல் டாட்ஜர்ஸுடனான கடைசி ஆட்டத்தில் ஜயன்ட்ஸின் வில்மர் ஃபுளோரஸ் மட்டையைப் பாதியில் நிறுத்தியதாகவே எனக்குத் தெரிந்தது. முதல் பேஸ் நடுவர் அவர் மட்டையை வீசியதாகச் சொல்ல, ஃபுளோரஸ் அவுட் ஆகி ஜயன்ட்ஸின் சீசனே முடிந்தது. அதை மறுபடி பார்க்க விதியில் இடமில்லை. படம் தெளிவாக இல்லையென்றாலும் களத்து முடிவே நிற்கும்.

ஆனாலும் என் ஓட்டு ரீப்ளேவுக்குத்தான். மறுநாள் ஆட்டத்துக்கு முன் அணிப் பட்டியலைக் கலராகாவே கொண்டுவந்து ஜாய்ஸிடம் கொடுத்தபோது அவர் கண்கலங்கினார். நெகிழ்ச்சியான காட்சிதான், ஆனால் கலராகாவுக்குச் சேர வேண்டியிருந்தது அந்த பர்ஃபெக்ட் கேம்.