பாறையின் தகைப்பை அளக்க: தண்ணீரா, பசையா?

செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் போனால் வரும் மகா ஓயாப் பக்கத்தில், ஒரு நீர்ச்சுரங்கத் தடத்துக்கு ஆய்வுத் துளை போடும் வேலை ஐப்பசியில் எங்களுக்கு வந்தது. 110 மீற்றர் ஆழத்தில் பாறை எந்தத் திசையில் எவ்வளவு நெருக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். தகைப்பு என்பது இந்த நெருக்கத்தைத்தான். வழி இரண்டு. ஒன்று, துளைக்குள் தண்ணீரை அமுக்கிப் பாறையைப் பிளந்து பார்ப்பது. மற்றது, விகார மானிக் கலத்தை, அதாவது பாறை விரிவதைப் பிடிக்கும் மானிகள் பதித்த சிறு உருளையை, உள்ளே ஒட்டி, அதைச் சுற்றிக் குடைந்து எடுப்பது. இதை ஓவர்கோரிங் என்பார்கள். தட்டை ஜாக் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. அதற்குக் கைக்கெட்டும் சுரங்கச் சுவர் வேண்டும், எங்களிடம் சுரங்கமே இல்லை. நாங்கள் தண்ணீரைத்தான் எடுத்தோம். மறுபடி கேட்டாலும் அதையே எடுப்பேன்.

ஓவர்கோரிங்கைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. வழக்கமான கலத்துக்கு 38 மில்லிமீற்றர் சிறு துளை போட்டு, அதன் சுவரில் கலத்தை ஒட்டுகிறார்கள். பிறகு ஏறக்குறைய 150 மில்லிமீற்றர் வெட்டியால் சுற்றிக் குடைகிறார்கள். நெருக்கம் விட்டதும் பாறை கொஞ்சம் விரியும், மானிகள் அதைப் பிடிக்கும். எடுத்த உருளையை அமுக்கி அதன் மீள்தன்மையையும் அளந்துவிட்டால், ஓரிடத்திலேயே முப்பரிமாணத் தகைப்பு முழுவதும் கைக்கு வரும். தண்ணீரால் அது முடியாது.

ஆனால் எல்லாம் அந்தப் பசையில்தான் தொங்குகிறது. எப்பொக்சி இறுக ஓர் இரவு போகும். அதற்குள் சுவரில் சேற்றுப் படலமோ, வெட்டிய தூளோ, ஈரமோ இருந்தால் கலம் பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் நிற்கும். குடைந்து வெளியே எடுக்கும்வரை அது தெரியாது. கார்த்திகை பிறந்தால் எங்கள் பக்கத்தில் துளை வாய்வரை தண்ணீர். எங்கள் றில்லர் அண்ணர் ஏறாவூர்க்காரர். கலத்தின் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, நம்மட கொட்டுக் கிணத்துல ஊத்து அடிக்கக்குள்ள சீமெந்தே பிடிக்கிதில்ல. இது பிடிக்குமா?" நீர் நிறைந்த ஆழ்துளைக்கென்றே செய்த கலங்களும் இருக்கின்றன. நான் அவற்றைக் கையாண்டதில்லை, அதனால் பேசவில்லை.

பசை பிடித்தாலும் இன்னொரு வில்லங்கம். இங்குள்ளது விஜயன் தொகுதி என்னும் பாறைக் கூட்டத்தைச் சேர்ந்த நைஸ் பாறை. மானி ஒன்றின் நீளம் 10 மில்லிமீற்றர் அளவுதான், துளையிலிருந்து நாங்கள் எடுத்த பாறை உருளையில், அதாவது கோரில், தனி ஃபெல்ஸ்பார் கனிம மணியே சில இடங்களில் அவ்வளவு பெரிது. அப்போது மானி அளப்பது பாறையையா, ஒரு மணியையா?

தண்ணீர் முறைக்குத் துளையில் தண்ணீர் நிற்பது ஒரு பொருட்டே இல்லை. எப்படியும் போடும் 76 மில்லிமீற்றர் கோர்த் துளையே போதும். கோரைப் பெட்டியில் அடுக்கி, வெடிப்பில்லாத ஒரு மீற்றரைத் தேர்ந்து, மேலும் கீழும் றப்பர் பாக்கர்களை ஊதி அடைத்துவிட்டு, நடுவில் தண்ணீரை ஏற்றுகிறோம். வரைபடத்தில் அமுக்கம் நேர்கோடாக ஏறும். ஒரு கட்டத்தில் பொட்டென்று விழும். பாறை பிளந்துவிட்டது. பம்பை நிறுத்தி வால்வை மூடினால், கோடு சரிந்து ஓரிடத்தில் தயங்கும். பிளவு மூடத் தொடங்கும் அந்த அமுக்கம்தான் பிளவுக்குக் குறுக்கே இருக்கும் தகைப்பு. தண்ணீரை விட்டு, மறுபடி ஏற்றி, மூன்று நான்கு தடவை பார்த்தால் எண் நிலைக்கும். கடைசியில் மென்மையான றப்பர் சுற்றிய அச்சுப் பாக்கரைத் திசைகாட்டியோடு இறக்கினால், பிளவு ஓடிய திசை அதில் தழும்பாகப் பதிந்து வரும்.

1957இல் ஹபர்ட்டும் வில்லிஸும் எண்ணெய்க் கிணறுகளுக்காக எழுதிய கணக்கு இது. பிளவு குறைந்த தகைப்புக்கு எதிராகத்தான் திறக்கும். நீர்ச்சுரங்கத்துக்கு வேண்டியதும் அந்தக் குறைந்த எண்ணேதான். உள்ளே ஓடும் நீரின் அமுக்கம் அதைத் தாண்டினால் பாறை வாய் திறந்து நீர் வெளியேறும். வேண்டிய எண்ணைச் சுற்றிவளைக்காமல் அளக்கும் முறை கையில் இருக்க, மற்றதுக்கு ஏன் போக வேண்டும்?

குறையும் உண்டு. உயர்ந்த கிடைத் தகைப்பை நேரே அளப்பதில்லை. பிளவு மறுபடி திறக்கும் அமுக்கத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். அந்தப் புள்ளி எது என்பதில் இரண்டு பேருக்கு இரண்டு கருத்து வரும். எங்கள் அறிக்கையில் அதை ஒரு வீச்சாகத்தான் கொடுத்தோம். ஆழம் குறைந்த இடத்தில் பிளவு படுக்கையாகவும் போய்விடும். 25 மீற்றரில் எங்களுக்கு அதுதான் நடந்தது. அப்போது கிடைப்பது மேலே உள்ள பாறையின் பாரம் மட்டும். அதை அடர்த்தியை வைத்தே சொல்லலாம்: பாறை தண்ணீரைவிட 2.7 மடங்கு அடர்த்தி என்றால் 110 மீற்றரில் சுமார் 2.9 மெகா பாஸ்கல்.

பராமரிப்பில் பயப்பட வேண்டியது கசிவுக்கு. ஒரு நாள் முழுக்க வால்வு மூடிய பிறகும் கோடு நிற்காமல் சரிந்துகொண்டே போனது. பாறையில் வெடிப்பு என்று நினைத்துக் கோர்ப் பெட்டியைக் கிளறினோம். கடைசியில் பார்த்தால் குழாய் மூட்டில் ஒரு வாஷர் தேய்ந்திருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் பாக்கரை மேலேயே ஓர் இரும்புக் குழாய்க்குள் விட்டு, அமுக்கம் ஏற்றி, ஒரு தேநீர் குடித்து முடியும்வரை மானி அசையாவிட்டால்தான் இறக்கினோம்.

சுரங்கம் வெட்டி உள்ளே போன பிறகு, பெரிய மின்னிலையக் குகையை எந்தப் பக்கம் திருப்பி வெட்டுவது என்று கேட்டால், மேல்நோக்கிச் சாய்த்த காய்ந்த துளையில் நானும் கலத்தைத்தான் ஒட்டச் சொல்வேன். அதுவும் பசை டின்னில் திகதியைப் பார்த்துவிட்டு.