சுடுதண்ணீர் நூலாக வருகிறதா? திருகுக் குழாயா, லீவர் குழாயா?

குளியலறையில் சுடுதண்ணீர் நூலாக வருகிறது, குழாயை மாற்றலாம் என்று கடைக்குப் போனால் மூன்று வகை எடுத்து வைப்பார்கள்: பழைய திருகுக் குழாய், கால் சுற்றில் திறக்கும் செராமிக் டிஸ்க் குழாய், ஒரே கைப்பிடியில் சூடும் குளிரும் கலந்து தரும் சிங்கிள் லீவர் மிக்சர். எங்கள் குன்னூர் வீட்டில் சுடுதண்ணீர்ப் பக்கம் திருகுக் குழாயைத்தான் போட்டோம். பார்வைக்கு அதுதான் கடைசி. விலையில் அதுதான் குறைவு.

கோவையில் இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. சுடுதண்ணீர் கொஞ்சம் வந்தாலும் பச்சைத் தண்ணீரைக் கலந்து வாளியை நிரப்பிக்கொள்ளலாம். இங்கே ஜனவரியில் பச்சைத் தண்ணீரில் விரல் வைக்க முடியாது. வாளியில் முக்கால்வாசி கீசர் தண்ணீராக இருந்தாக வேண்டும். அது மெதுவாக வந்தால் நிரம்புவதற்குள் ஆறிப்போகும்.

தண்ணீர் 10 மீட்டர் இறங்கினால்தான் 1 பார் அழுத்தம். தகரக் கூரையை ஒட்டி ஸ்டாண்டில் டேங்க் வைத்த வீட்டில் 3 மீட்டர் கிடைத்தால் பெரிது, அதாவது 0.3 பார். பல லீவர் மிக்சர்கள் அரை பாருக்குக் குறைந்தால் சரியாக வேலை செய்யாது, உள்ளே வழி அவ்வளவு குறுகல். வீட்டுக்கு மேலே சரிவில் டேங்க் வைக்க இடம் இருப்பவர்கள் தாராளமாக லீவர் போடலாம். செராமிக் டிஸ்க் வாங்குவதானால் தலையைக் கழற்றித் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்க்கில் எவ்வளவு இடைவெளி திறக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். சிலதில் பரவாயில்லை.

ஆனாலும் எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். ஐப்பசி மழையில் தண்ணீர் கலங்கி வரும், பொடி மணலும் சேர்ந்து வரும். அது டிஸ்க்கில் கீறல் போட்டால் சொட்ட ஆரம்பிக்கும். மிக்சருக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் உருளையான கார்ட்ரிட்ஜ் 35 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் என்று வரும். அளவு சரியாக இருந்தாலும் அடிப்பக்கத் துளைகள் பொருந்த வேண்டும். இங்கே கடையில் கேட்டால், "கீழே சொல்லி வரவழைக்கணும்" என்பார்கள், அதாவது மலைக்குக் கீழே இருந்து. அதுவரை வாளியை அடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். திருகுக் குழாயில் அந்தத் தொல்லை இல்லை. வால்வை மூடி, ஸ்பானரால் தலையைக் கழற்றினால் ஸ்பிண்டில் என்கிற திருகுத் தண்டின் நுனியில் வாஷர் இருக்கும். வட்டமாகப் பள்ளம் விழுந்து, கல் போல இறுகியிருக்கும். அதைப் பிடுங்கிவிட்டுப் புதிது போட்டால் வேலை முடிந்தது. எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும். சூடு தாங்குகிற வாஷராகக் கேட்டு வாங்குங்கள். சாதா ரப்பர் உப்பிக்கொண்டால் தண்ணீர் மறுபடி குறையும்.

எதை வாங்குவதற்கு முன்னாலும் இருக்கிற குழாயைக் கழற்றிவிட்டு வெறும் பைப்பில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அப்போதும் நூலாக வந்தால் குழாய் மேல் குற்றமில்லை. பழைய ஜிஐ இரும்புப் பைப் உள்ளே துருவேறி அடைத்திருக்கலாம், கீசர் வால்வில் அடைப்பு இருக்கலாம். பிரஷர் பம்ப் போட்டால் எல்லாம் தீரும் என்கிறார்கள். நாங்கள் போட்டதில்லை, மழையில் கரண்ட் போகிற ஊரில் அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பச்சைத் தண்ணீர்ப் பக்கம் மட்டும் கால் சுற்றுக் குழாய் போட்டிருக்கிறோம். ஈரக் கையால் திறக்க அதுதான் வசதி. அங்கே அழுத்தம் குறைந்தாலும் கவலையில்லை.