அட்டை ஓட்ட எந்த ஆஃப்செட்? ஜிடிஓ, எஸ்எம், லித்ரோன், சிடி

திருநெல்வேலிப் பக்கம் கனமான அட்டை என்றால் பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை, இல்லாவிட்டால் அல்வாப் பெட்டி. இரண்டையும் ஒரே மெஷினில் ஓட்டிவிடலாம் என்ற கணக்கில் பழைய ஆஃப்செட் அச்சு மெஷின் தேடி சிவகாசிக்கு பஸ் ஏறுபவர்கள் உண்டு. விற்பவர் எத்தனை கலர், மணிக்கு எவ்வளவு ஓடும் என்று சொல்வார். நாம் கேட்க வேண்டியது இம்ப்ரஷன் சிலிண்டர் (அச்சு விழும்போது தாளைச் சுமந்து அழுத்தும் உருளை) எவ்வளவு பெரியது என்பதை.

விறைப்பான அட்டை சின்ன சிலிண்டரில் சுற்றும்போது கிரிப்பர் (தாளைக் கவ்வும் கொக்கி) பிடித்த முனை அடங்கி நிற்கும், பின் ஓரம் நிற்காது. நிமிர்ந்து பிளாங்கெட்டில் (மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பில்) அடிக்கும்; மை தீற்றும், புள்ளி இரட்டையாக விழும். சிலிண்டரின் விட்டம் இரண்டு மடங்கானால் அட்டை அவ்வளவு வளைய வேண்டியதில்லை.

இன்னொன்று, ஜிஎஸ்எம்மை (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற எடைக் கணக்கை) மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பத்திரிகைக்கு வரும் வழவழப்பான 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு சுமார் 0.3 மி.மீ. கனம்தான். அதே 300-ல் பெட்டிக்கு வரும் எஃப்பிபி (ஃபோல்டிங் பாக்ஸ் போர்டு) அட்டை 0.45 மி.மீ. பக்கம் போய்விடும். மெஷினுக்குத் தெரிவது எடை இல்லை, கனம்.

இனி மெஷின்கள். ஹைடல்பெர்க் ஜிடிஓ 52-ன் தாள் அளவு 36 x 52 செ.மீ., கனம் 0.4 மி.மீ. வரை. பத்திரிகைக்கு இதற்கு மேல் எதற்கு? இடம் கொஞ்சம் போதும், மெக்கானிக் சுலபமாகக் கிடைப்பார், ஐந்நூறு பத்திரிகைக்கும் மெஷின் ஏற்றலாம். ஆனால் எஃப்பிபியை வைத்தால் திணறும். பெரிய பெட்டியென்றால் ஒரு தாளில் ஒன்றிரண்டுக்கு மேல் அடங்காது.

அதே ஹைடல்பெர்க்கின் எஸ்எம் 102 பெரிய தாள் மெஷின், 72 x 102 செ.மீ. புத்தகம், போஸ்டர், காலண்டர் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் இம்ப்ரஷன் சிலிண்டர் ஒற்றை அளவு, அதாவது மேலே சொன்ன சின்ன சிலிண்டர். இரண்டு பக்கமும் ஒரே ஓட்டத்தில் அடிக்கும் பெர்ஃபெக்டர் மாடல் மலிவாக வந்தால் ஆசை வரத்தான் செய்யும். பெட்டிக்காரருக்கு அந்த வசதியே தேவையில்லை, பெட்டியின் உட்புறம் அச்சில்லாமல்தானே போகிறது!

பெட்டிக்கென்றே வந்தது ஹைடல்பெர்க் சிடி 102. இரட்டை அளவு சிலிண்டர், 1 மி.மீ. வரை போர்டு ஏற்கும். அச்சுக்கு மேல் பளபளப்புப் பூச்சு அடிக்கும் கோட்டிங் யூனிட்டோடு கிடைத்தால் இன்னும் நல்லது. (மேலே கோட்டிங் அடித்துவிட்டால் அல்வா நெய் கசியாது என்று சிலர் நம்புகிறார்கள். நெய் வருவது உள்ளேயிருந்து; அதற்கு உள்ளே வைக்கும் தாள்தான் வழி.) ஆனால் மெஷின் பல டன் எடை. டவுன் சந்துகளுக்குள் கிரேன் நுழையாது, தரையும் தாங்க வேண்டும்.

கொமோரி லித்ரோனிலும் இரட்டை அளவு சிலிண்டர்தான். சிடிக்கு விலை எட்டாதவர்கள் இதைப் பார்க்கலாம். உதிரிபாகம் எங்கே, எத்தனை நாளில் வரும் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேகத்துக்கு வருவோம். மெஷினில் ஏற்றும் ஒரு மீட்டர் உயர பைலில் (தாள் அடுக்கில்) 0.4 மி.மீ. அட்டை 2500 தாள்தான் இருக்கும். மணிக்கு 8000 ஓட்டினால் இருபது நிமிடத்துக்குள் காலி. மெஷினை நிறுத்தாமலே புது அடுக்கு ஏற்ற உதவும் நான்-ஸ்டாப் ஃபீடர் இல்லாவிட்டால் பைல் மாற்றவே நாள் போய்விடும். அப்புறம் 15,000 ஓடும் மெஷின் என்று பெருமை பேசி என்ன பயன்?

என்னைக் கேட்டால், பத்திரிகையே பிரதான வேலை என்றால் ஜிடிஓ போதும். எப்போதாவது வரும் பெட்டி ஆர்டரை சிவகாசியில் ஜாப் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மாதம் முழுக்கப் பெட்டி ஓடும் என்ற உறுதி இருந்தால்தான் சிடியோ லித்ரோனோ. இரண்டுக்கும் பொதுவாக எஸ்எம் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மெஷின் பார்க்கப் போகும்போது நீங்கள் ஓட்டப்போகும் போர்டையே கட்டோடு எடுத்துப் போங்கள். சாரல் மாதங்களில் என்றால் கட்டைப் பிரிக்காமல் கொண்டுபோங்கள், ஈரம் ஏறி ஓரம் நெளிந்த அட்டையை வைத்து மெஷினைக் குறை சொல்ல முடியாது. சில நூறு தாளாவது முழு வேகத்தில் ஓட்டச் சொல்லி, பின் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வேகத்தைக் குறைத்து ஓட்டிக் காட்டினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.