ஐம்பது வயது ழான்னோ சாங்கிரியா: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

பழைய பாய்மரப் படகு வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இத்தனை வருஷப் படகு தாங்குமா?" என்றுதான். தாங்கும். பிரான்சின் லா ரொஷேல் துறைமுகத்தில் பல ஆண்டுகளாக நான் வைத்திருக்கும் பாய்மரப் படகு, ழான்னோ கம்பெனியின் சாங்கிரியா, 1976இல் கட்டியது. அதன் ஃபைபர் உடம்பு இன்றும் கெட்டியாக இருக்கிறது. செலவு வைப்பதெல்லாம் அந்த உடம்பில் பூட்டியிருக்கும் மற்ற சாமான்கள்தான்.

ழான்னோவைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. மேற்குப் பிரான்சின் வாந்தே மாவட்டத்தில் லே ஸெர்பியே என்று ஓர் ஊர். கடலுக்கு வெகு தூரம் உள்ளே இருக்கிறது. அங்கேதான் 1957இல் ஆன்ரி ழான்னோ மரத்தில் மோட்டார் படகு கட்டத் தொடங்கினார். சீக்கிரமே ஃபைபருக்கு மாறினார். பாய்மரப் படகுகள் 1960களில் வந்தன. 1995இல் கம்பெனி பெனத்தோ குழுமத்தோடு சேர்ந்தது. பெனத்தோவும் அதே வாந்தேக்காரர்கள்தான், 1884இல் மீன்பிடிப் படகு கட்ட ஆரம்பித்தவர்கள்.

சாங்கிரியா பிலிப் ஆர்லே வரைந்த படகு. நீளம் ஏழரை மீட்டருக்குச் சற்று மேல், அகலம் சுமார் 2.7 மீட்டர். 1970 வாக்கில் வெளிவந்து இரண்டாயிரத்துக்கும் மேல் விற்றது. அதனால் ஒரு பெரிய வசதி: என்ன பழுது வந்தாலும், அதை ஏற்கெனவே சரிசெய்த ஒருவர் பக்கத்துத் துறைமுகத்திலாவது இருப்பார். உள்ளே நாலு பேர் படுக்கலாம், ஆனால் உயரமானவர்கள் குனிந்தே நடக்கவேண்டும்.

ஓட்டத்தில் எனக்குக் குறையே இல்லை. லா ரொஷேலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரே தீவுக்கும் ஒலெரோன் தீவுக்கும் நடுவே, காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமும் போகும்போது அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். அந்த நேரத்தில் இந்தப் படகின் அடியில் கனத்துக்காகப் பூட்டியிருக்கும் இரும்பு அடிக்கட்டை தரும் நிதானம் புதிய, லேசான படகுகளில் எனக்குக் கிடைத்ததில்லை. காற்று ஏறினால் பெரிய பாயை முன்கூட்டியே சுருக்கிவிடவேண்டும். இல்லையென்றால் படகு சாய்ந்து, காற்று வரும் பக்கமே திரும்பப் பார்க்கும், சுக்கானைப் பிடித்துக் கை ஓய்ந்துவிடும். சுருக்கிவிட்டால் வேகம் பெரிதாகக் குறையாது.

சரி, ஃபைபருக்கு நோயே வராதா என்றால், வரும். வருஷக்கணக்காக நீரிலேயே கிடக்கும்போது மேல்பூச்சு வழியாகத் தண்ணீர் மெல்ல ஊடுருவி, உள்ளே ஃபைபர் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் பிசினான ரெசினோடு வினைபுரியும். கரையேற்றிப் பார்த்தால் அடிப்பக்கம் சின்னச் சின்னக் கொப்புளம். ஒன்றைக் குத்தினால் பிசுபிசுப்பான நீர் வரும், வினிகர் வாடை அடிக்கும். என் படகிலும் அது வந்தது. வேலை எடுத்த பட்டறை, உடம்பு காயும் முன்பே மேலே நீர் புகாமல் தடுக்கும் எபாக்ஸி பூசிக் கையைக் கழுவிக்கொண்டது. அடுத்தடுத்த பருவத்திலேயே கொப்புளம் திரும்பி வந்தது. பூச்சைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் கழுவி, மாதக்கணக்கில் காயவைத்து, ஈரமானியில் அளவு இறங்கிய பிறகுதான் எபாக்ஸி அடிக்கவேண்டும். அவசரப்படுத்தும் பட்டறையில் படகை விடாதீர்கள். இரண்டாவது முறை அப்படிப் பொறுமையாகச் செய்ததற்குப் பிறகு இன்றுவரை பிரச்சினை இல்லை.

வாங்கும்போது ஒரு சின்னப் பிளாஸ்டிக் சுத்தி கொண்டு போங்கள். மேல்தளத்தையும் பக்கங்களையும் கைப்பிடி தூரத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் தேங்காய் போலக் கணீரென்று பேசும். உள்ளே ஃபைபர் அடுக்குகள் பிரிந்துபோன இடம் "டொப்" என்று அமுங்கிய சத்தம் தரும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் வெளியே பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் முனையில் இறுக்கிய இடத்துக்குள் துரு பிடித்து இழை அறுந்திருக்கலாம். பத்துப் பதினைந்து ஆண்டு தாண்டியிருந்தால் கேள்வியே வேண்டாம், மாற்றிவிடுங்கள். அப்புறம் அடிக்கட்டை போல்ட், ஜன்னல் ரப்பர், எஞ்சினுக்குக் கடல்நீர் இழுக்கும் பம்பின் ரப்பர்ச் சக்கரம். கடைசியாகச் சொன்னது சின்னச் சாமான்தான், ஆனால் அது கிழிந்தால் எஞ்சின் சூடேறி நின்றுவிடும், அதுவும் பாறை பக்கத்தில் இருக்கும்போது. நான் ஒவ்வொரு வசந்தத்திலும் புதிது போடுகிறேன்.

பிரான்சில் கடலில் பாய்மரப் படகு ஓட்ட உரிமம் தேவையில்லை என்பது புதிதாக வருபவர்களுக்குத் தைரியம் தரும் செய்தி. அதற்காகக் கற்றுக்கொள்ளாமல் இறங்கக்கூடாது. லா ரொஷேல் பக்கம் பெரிய ஏற்றத்தில் நீர் ஆறு மீட்டர் வரை ஏறி இறங்கும். நேரம் பார்க்காமல் நங்கூரம் போட்டால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும்.

இப்போது ஒரு சாங்கிரியா சில ஆயிரம் யூரோவுக்கே கிடைக்கிறது. சிலர் சும்மாவே தருகிறார்கள், ஏனென்றால் ஃபைபர் மக்காது, வைத்துக்கொள்ள இட வாடகை கட்டவேண்டும். பிரான்சில் 2019 முதல் பழைய படகுகளைக் கட்டணமில்லாமல் பிரித்து அப்புறப்படுத்தும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் நன்றாக இருக்கும் உடம்புகளும் அந்த வழியில் போவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கையில் இருக்கும் பணத்தில் பாதியைப் படகுக்குக் கொடுங்கள். மீதிப் பாதி கம்பிக்கும் பாய்க்கும் எஞ்சினுக்கும் முதல் வருஷமே போய்விடும்.