யமஹா டிஎக்ஸ்7: 11 வருடம் கூடவே வைத்திருந்த பிறகு

மின்சாரத்தில் சத்தத்தை உருவாக்கும் கீபோர்டான இந்த சிந்தசைசரை 2013 கடைசியில் வாங்கினேன். ஜப்பானில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நண்பன் அங்கே ஒரு பழைய பொருள் கடையில் பார்த்துவிட்டு போட்டோ அனுப்பினான், விலையைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை. அவன் ஊர் திரும்பியபோது வீட்டுச் சாமான்களோடு இதுவும் கப்பலில் வந்தது. தூக்கிப் பார்த்தால் 14 கிலோ. இந்தக் காலத்து பிளாஸ்டிக் கீபோர்டுகளைத் தூக்கிப் பழகிய கைக்கு இது அம்மிக்கல்.

ஜப்பானிலிருந்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊருக்காகச் செய்தது 100 வோல்ட்டில் ஓடுவது, நம் வீட்டு 230-ல் நேராகச் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. கடையில் சட்டென்று கிடைப்பதெல்லாம் 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்தான். பத்து வோல்ட்தானே என்று விடாமல், ரிச்சி தெருவில் சொல்லி 100-க்கே ஒன்று செய்து வாங்கினேன். இன்றுவரை மின்சாரப் பக்கம் ஒரு தொந்தரவும் இல்லை.

1983-ல் வந்த யந்திரம். அதற்கு முன்பு பேர்போன சிந்தசைசர்களில் மினிமூக் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம்தான் பாடும், புராஃபெட்-5 ஐந்து பாடும். இது 16 பாடியது, அமெரிக்காவில் விலை 1,995 டாலர். லட்சம் யந்திரங்களுக்கு மேல் விற்றதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் அந்தப் பழைய யந்திரங்களில் முகம் முழுக்கத் திருகுகள் இருக்கும், திருகினால் சத்தம் மாறும், குழந்தைக்கும் புரியும். இதில் திருகே கிடையாது. தட்டையான பொத்தான்கள், எண்ணை மாற்ற ஒரே ஒரு ஸ்லைடர், வெளிச்சம் இல்லாத இரண்டு வரித் திரை. பொத்தான் உள்ளே போகாது என்பதால், அழுத்தியது விரலுக்குத் தெரியட்டும் என்று உள்ளே ஒரு சின்ன சாலினாய்டு (மின்காந்தச் சுத்தி) வைத்து 'டக்'கென்று தட்ட விட்டிருக்கிறார்கள். இரவில் ஹெட்போன் போட்டு வாசித்தாலும் இந்த டக் டக் மட்டும் பக்கத்து அறைக்குக் கேட்கும், வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன்.

முதல் நாலு வருடம் நான் செய்ததெல்லாம் அதில் ஏற்கெனவே இருந்த சத்தங்களை வாசித்ததுதான். முக்கியமாக 'இ.பியானோ 1'. எண்பதுகளின் மெதுவான காதல் பாட்டு எதைக் கேட்டாலும் அந்தக் கண்ணாடி மாதிரியான பியானோ பின்னாடி ஓடிக்கொண்டிருக்கும், அது இதுதான். டேவ் பிரிஸ்டோ, கேரி லியூன்பர்கர் என்ற இரண்டு பேர் முக்கியமாக உட்கார்ந்து செய்துகொடுத்த சத்தங்களை உலகமே அப்படியே வாசித்தது. பெரும்பாலானவர்கள் தாங்களாக ஒன்றைச் செய்து பார்க்கவே இல்லை. நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

2017 நவம்பர் மழையில் ஒருநாள் போட்டால் திரையில் ஏதோ கிறுக்கல், 32 சத்தங்களும் போய்விட்டன. உள்ளே நினைவகத்தைக் காப்பாற்றும் பேட்டரி தீர்ந்திருந்தது. சாதாரணக் கடிகார பேட்டரி அளவுதான், ஆனால் போர்டோடு சேர்த்து சாலிடர் செய்திருப்பார்கள். பேட்டரியின் வோல்ட்டைத் திரையிலேயே பார்க்க ஒரு வசதி கொடுத்திருக்கிறான் யமஹாக்காரன், நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மிடி (வாத்தியமும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் இணைப்பு) வழியாக கம்ப்யூட்டரில் ஒரு நகலும் எடுத்து வைக்கவில்லை. யாரைக் குறை சொல்ல? பேட்டரி இருந்த இடத்தில் ஒரு ஹோல்டர் வைத்து சாலிடர் செய்தேன், இனிமேல் கழற்றி மாட்டலாம்.

போன சத்தங்களை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் சோம்பலில் ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதம்தான் எல்லாவற்றையும் ஆரம்பநிலைக்குக் கொண்டுபோகும் வெறும் 'வாய்ஸ் இனிட்' போட்டு, ஒரு சைன் அலையை (கலப்பில்லாத ஒற்றை நாதம்) வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையேடு ஜப்பானிய மொழியில் இருந்ததால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. உதவியது, இது சத்தம் உண்டாக்கும் எஃப்எம் முறையைக் கண்டுபிடித்த ஜான் சௌனிங் 1973-ல் எழுதிய கட்டுரை.

சௌனிங் பொறியாளர் இல்லை, டிரம்ஸ் வாசித்து வந்த இசையமைப்பாளர். பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் 1957-லேயே கம்ப்யூட்டரைப் பாட வைத்திருந்தார். அவருடைய கட்டுரையைப் படித்துவிட்டு 1964-ல் நேரில் போய், ஒரு பெட்டி நிறைய கம்ப்யூட்டர் நிரல் பதிந்த துளை அட்டைகளை வாங்கிக்கொண்டு ஸ்டான்போர்டு திரும்பியவர் சௌனிங். 1967-ல் ஒரு ஸ்வரத்தின் அசைவை வேகமாக்கி, ஆழமாக்கி விளையாடிக்கொண்டிருந்தார். நொடிக்கு ஐந்தாறு முறை அசைந்தால் நமக்கு அது கமகம் மாதிரிக் கேட்கும். அதையே நூற்றுக்கணக்கில் கொண்டுபோனால் காது அசைவாக எண்ணுவதை விட்டுவிட்டு அதை ஒரு புது நாதமாகவே கேட்கிறது. எஃப்எம் என்பது அவ்வளவுதான், ஓர் அலையை வைத்து இன்னோர் அலையை உலுக்குவது. அமெரிக்க ஆர்கன் கம்பெனிகள் இதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றன. யமஹா அனுப்பிய இஷிமுரா என்ற பொறியாளருக்குச் சில நிமிடங்களிலேயே புரிந்துவிட்டது. இதில் கூத்து என்னவென்றால், ஏறக்குறைய அதே சமயத்தில்தான் ஸ்டான்போர்டு சௌனிங்குக்கு நிரந்தர வேலை தர மறுத்து வெளியே அனுப்பியது. பிற்பாடு திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அழைக்காமல் என்ன, அந்தக் காப்புரிமையில் வந்தது 2 கோடி டாலருக்கும் மேல்.

சௌனிங்கின் அந்தக் கட்டுரையில் மணியோசைக்கு ஒரு செய்முறை இருக்கிறது: 200 ஹெர்ட்ஸ் அலையை 280 ஹெர்ட்ஸ் அலையால் உலுக்கு, 15 நொடியில் மெல்ல அடங்க விடு. டிஎக்ஸ்7-ல் ஓர் ஆபரேட்டரை (ஓர் அலையை உண்டாக்கும் பகுதி) 1.00, அதை உலுக்குவதை 1.40 என்று வைத்தேன். கோயில் மணி. ஆறில் இரண்டே ஆபரேட்டர், நாலைந்து எண்கள், அவ்வளவுதான் செலவு. அன்று இரவு தூங்கவில்லை. அப்புறம் 'இ.பியானோ 1'-ஐப் பிரித்துப் பார்த்தால் அதுவும் இதே மாதிரி மூன்று ஜோடிகள்தான், ஒரு ஜோடியில் உலுக்கும் அலை 14 மடங்கில் இருக்கிறது, சுத்தியல் தட்டுகிற அந்த 'டிங்' அதிலிருந்துதான் வருகிறது. சௌனிங் 1977-ல் 'ஸ்ட்ரியா' என்ற படைப்பைத் தங்க விகிதமான 1.618-ஐ வைத்தே கட்டினார். இதில் 1.62 வரைதான் வைக்க முடியும், ஆனாலும் வைத்துப் பாருங்கள், எந்த வாத்தியம் என்றே சொல்ல முடியாத ஒன்று வரும்.

சரி, குறைகள். ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் எட்டு என்வலப் (அது எழுந்து அடங்கும் விதம்) எண்கள், ஆறு ஆபரேட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் அந்த ஒரே ஸ்லைடரில் மாற்ற வேண்டும். மிடியில் 1-ஆம் சேனலில் மட்டுமே அனுப்பும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும், கட்டையை அடித்த வேகத்தைச் சொல்லும் மிடி எண்ணின் உச்சமான 127-ஐ வெளியே அனுப்பாது, அதனால் கம்ப்யூட்டரில் இருக்கும் பியானோவை இதை வைத்து வாசித்தால் சோகையாகக் கேட்கும். ஒரே வெளியீடு, எதிரொலி கிதிரொலி எதுவும் கிடையாது. சத்தம் அடங்கும்போது வால் பக்கம் மெல்லிய இரைச்சல் வரும், எனக்கு அது பிடிக்கும். நம் ராகங்களுக்குச் சுருதியை நுணுக்கமாக மாற்ற இதில் வழியில்லை, அடுத்து வந்த டிஎக்ஸ்7 II-ல்தான் அந்த வசதி. சுருதியை வளைக்கும் பிட்ச் வீலை வைத்து ஒப்பேற்றுகிறேன், தோடியைத் தொடுவதில்லை.

வாங்கலாமா என்று கேட்டால், சத்தம் மட்டும் போதுமென்றால் வேண்டாம். டெக்ஸ்ட் (Dexed) என்ற மென்பொருள் இலவசம், டிஎக்ஸ்7-ன் சத்தங்களை அப்படியே ஏற்றலாம், எல்லா எண்களும் ஒரே திரையில் தெரியும். நானே இப்போது புது சத்தங்களை அதில் செய்துவிட்டு யந்திரத்துக்கு அனுப்புகிறேன். முதல் தடவை அனுப்புகிறவர்கள், நினைவகத்தை மாற்ற விடாமல் பூட்டி வைக்கும் 'மெமரி புரொடெக்ட்'டை அணைக்க மறக்காதீர்கள், நான் ஒரு மாலை முழுக்க கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன்.

போன மாதத்திலிருந்து மேல் ஸ்தாயியில் ஒரு கட்டை மட்டும் மெதுவாகத் தொட்டாலும் அலறுகிறது. உள்ளே தொடுமுனையில் தூசியாகத்தான் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை திறக்க வேண்டும், அதற்கு முன்னால் 32 சத்தங்களையும் நகல் எடுத்தாகிவிட்டது.