மஞ்சள் கீபோர்டா, கறுப்புக் கீபோர்டா? பார்வை மங்கிய ஒருவருக்கு வாங்கும்போது

அப்பா தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் இலங்கை மலையகத்தில் எங்கள் டிக்கோயாப் பக்கத்துச் சனங்கள் விண்ணப்பம், கடிதம், மரண அறிவித்தல் என்று அவரைத் தேடித்தான் வருவார்கள். சீனி வருத்தமும் கண்புரையும் சேர்ந்து பார்வை மங்கத் தொடங்கியதும், "எழுத்தே தெரிய மாட்டேங்குது, விட்டுறவா?" என்று ஒருநாள் கேட்டார். அந்தக் கேள்வி தாங்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு விதமான கீபோர்டாகக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்துப் பார்த்தோம்.

எல்லோரும் முதலில் சொல்வது பெரிய எழுத்துக் கீபோர்டைத்தான். மஞ்சள் கீயில் கறுப்பு எழுத்து, கீ முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். கீயின் அளவு வழக்கமானதுதான், ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். எழுத்து மட்டும்தான் பெரிது. ஆங்கிலத்தில், கண்ணால் தேடித் தேடி அடிப்பவர் என்றால் யோசிக்காமல் இதையே வாங்கலாம். கீயே ஒரு அங்குல அகலத்தில் வருவதும் உண்டு. கை நடுங்குகிறவர்களுக்கு அது உதவும், ஆனால் பழகிய விரல்கள் அதில் தடுமாறிப் போகும்.

அப்பாவுக்கு மஞ்சள் ஒத்துவரவில்லை. கண்புரை இருந்தால் உள்ளே போகும் வெளிச்சம் சிதறும். பல்புக்குக் கீழே அந்த மஞ்சள் முழுவதும் பளபளத்து அவர் கண் கூசியது. அதே பெரிய எழுத்து, கறுப்புக் கீயில் வெள்ளையாக இருந்தபோது நன்றாகத் தெரிந்தது. கண்புரை உள்ளவருக்கு வாங்கினால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

ஆனாலும் ஒரு சிக்கல் மிச்சம். அதில் இருப்பது ஆங்கில எழுத்து மட்டும், அப்பா அடிப்பதோ பாமினி என்ற தமிழ்த் தட்டச்சு முறையில். அதில் எஃப் கீயை அடித்தால் 'க' வரும். எஃப் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் அவருக்கு என்ன, அவர் தேடுவது 'க'வை.

அப்படியானால் நம் கடைகளில் கிடைக்கும் மும்மொழிக் கீபோர்ட்? நம் எழுத்து அதில் இருப்பது எனக்கும் சந்தோஷம்தான். பார்வை நன்றாக உள்ள பிள்ளைகள் அதில் பழகட்டும். ஆனால் ஒரே கீயில் ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றும், அதுவும் ஷிஃப்ட் எழுத்துகளோடு சேர்ந்து, குருணை மாதிரி நெருங்கிக் கிடக்கின்றன. பார்வை மங்கியவருக்கு இதைவிட மோசமான தெரிவு இல்லை.

வெளிச்சம் எரியும் கீபோர்டையும் சொல்வார்கள். பின்னேரம் மூன்று மணிக்கே மூட்டம் இறங்கி வீடு இருட்டிவிடும் ஊர் என்பதால் நானும் ஆசைப்பட்டேன். எழுத்தின் கோடு மெலிசு, கீயின் ஓரத்தால் கசியும் வெளிச்சம் நேரே கண்ணில் அடிக்கிறது. கீபோர்டின் வெளிச்சத்தை அணைத்தால் எழுத்து சாம்பல் பூத்துப்போகிறது. இதற்குச் செலவழிக்கும் காசில் ஒரு மேசை விளக்கு வாங்கிப் பக்கவாட்டில் வையுங்கள்.

அடுத்தது ஸ்டிக்கர். கறுப்பில் வெள்ளைத் தமிழ் எழுத்தாக அச்சடித்து நாங்களே வெட்டி ஒட்டினோம். ஷிஃப்ட் எழுத்துகளை விட்டுவிட்டு, கீக்கு ஒரு எழுத்துத்தான். நன்றாகவே இருந்தது. மழைக்காலம் வந்ததும் ஈரத்தில் ஓரம் கிளம்பி விரலில் ஒட்டத் தொடங்கியது.

அப்புறம் ஒருநாள் கரண்ட் போயிற்று. லேப்டொப்பில் பாதி எழுதிய கடிதம். நான் டோர்ச்சைத் தேடிக்கொண்டிருக்க, கீ அடிக்கும் சத்தம் நிற்கவே இல்லை. "இந்தா, இது க, இது த. இது ரெண்டும் ஆப்பிட்டா மத்ததெல்லாம் தானா வரும்" என்று என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். எந்தக் கீபோர்டிலும் எஃப், ஜே இரண்டிலும் சின்ன மேடு இருக்கும். பாமினியில் அவைதான் க, த. இத்தனை நாளும் நாங்கள் கண்ணுக்குத் தேடிக்கொண்டிருந்தோம், அவரோ விரலால் எழுதுகிறவர்.

அவர் வழி தவறுவது கையைத் தூக்கும்போதுதான். பேக்ஸ்பேஸ், என்டர், எண் வரிசை, அம்புக் கீ. அவற்றில் கியூட்டெக்ஸ், அதாவது நகப்பூச்சு, ஒரு சொட்டு, காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. மேடு தட்டுப்படும். 'ம்', 'ல்' என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் செமிகோலன் கீக்கும் ஒரு புள்ளி வைத்தோம்.

சீனி வருத்தம் நாள்பட்டால் சிலருக்கு விரல் நுனியும் மரத்துவிடும். ஆகவே முதலில் கண்ணை மூடச் சொல்லி, அந்த மேடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் மெக்கானிக்கல் கீபோர்ட் நல்லது. அதில் கீ ஆழமாக இறங்கும், சத்தம் கேட்கும் வகையும் உண்டு, கீயின் தலை குழிந்திருப்பதால் விரல் வழுக்காது. தட்டையான, இடைவெளி இல்லாத கீ மட்டும் வேண்டாம்.

எதை வாங்கினாலும், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ (NVDA) என்ற மென்பொருளைக் கம்பியூட்டரில் போட்டுவிடுங்கள். இலவசம், அடிக்க அடிக்க வாசித்துச் சொல்லும். ஆனால் பாமினி எழுத்துருவில் எழுதினால் அதற்குப் புரியாது. 'தமிழ்' என்று அடித்தால் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்றுதான் எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் அந்த எழுத்துருவுக்கு அடியில் இருப்பது ஆங்கில எழுத்து. இ-கலப்பை போன்ற மென்பொருளில் பாமினி முறையை வைத்துக்கொண்டே யுனிகோடில் எழுதலாம். விரலுக்கு எதுவும் மாறவில்லை, அப்பா அன்றைக்கே பழகிவிட்டார்.

இப்போது அவர் மேசையில் இருப்பது எண் பகுதியோடு கூடிய கறுப்பு மெக்கானிக்கல். கணக்கு எழுதுகிறவருக்கு எண் பகுதி கட்டாயம், அங்கேயும் 5இல் ஒரு மேடு உண்டு. கியூட்டெக்ஸ் இரண்டு மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும். தேய்ந்தால் அம்மாவைக் கூப்பிட்டு, எந்தக் கீ என்று கண்ணை மூடிக்கொண்டே தொட்டுக் காட்டுவார்.