ஜமா அல்-ஃப்னா திடலில் குழந்தையின் கையை நீட்ட விடாதீர்கள்

மொராக்கோ நாட்டு மராகேஷ் நகரத்தின் ஜமா அல்-ஃப்னா திடலுக்குப் போகிறவர்கள், அதுவும் குழந்தைகளோடு போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே மருதாணி என்று சொல்லி என் 9 வயது மகளின் கையில் வைத்தது மருதாணியே அல்ல. தலைமுடிச் சாயத்தில் சேர்க்கிற ரசாயனம். பணம் போனது எனக்குப் பெரிதில்லை. அவள் தோலுக்கு நேர்ந்ததுதான் ஆறவில்லை.

திடலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் உள்ளே நுழைந்தோம். எண் போட்ட சாப்பாட்டுக் கடைகளிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் 77 மீட்டர் உயர குதுபிய்யா பள்ளிவாசல் கோபுரம். க்னாவா என்ற மொராக்கோ மரபிசை பாடும் இசைக்காரர்கள் கைகளில் இரும்புத் தாளங்களைத் தட்டிக்கொண்டு, தொப்பிக் குஞ்சத்தைச் சுழற்றிச் சுழற்றி ஆடுகிறார்கள். அங்கங்கே வட்டமாக ஆட்கள் கூடி நிற்க, நடுவில் ஒருவர் கதை சொல்கிறார். இந்த வாய்மொழிக் கலைகளுக்காகத்தான் யுனெஸ்கோ 2001-இல் இத்திடலை மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது. பிள்ளைகள் இருவரும் வாய் பிளந்து நின்றார்கள்.

முதலில் குரங்கு. சங்கிலி கட்டிய ஒரு பார்பரி குரங்கை, கேட்காமலேயே என் 6 வயது மகனின் தோளில் ஏற்றிவிட்டார் ஒருவர். நான் போனை வெளியே எடுப்பதற்குள் காசு கேட்டார். ஒரு படம் எடுத்துக்கொண்டு, 50 திர்ஹம் (மொராக்கோ நாணயம்) கொடுத்து விலகினோம். அது அழியும் நிலையில் உள்ள இனம். சின்னக் குட்டியாகக் காட்டிலிருந்து பிடித்து வருகிறார்கள். அந்தப் படத்தை எடுக்காமலேயே வந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சரி, மருதாணிக்கு வருகிறேன். கணவர் மகனைக் கூட்டிக்கொண்டு ஆரஞ்சுச் சாறு வாங்கப் போயிருந்தார். குடைக்குக் கீழே சின்ன முக்காலியில் ஒரு பெண், மடியில் கோலங்கள் ஒட்டிய ஆல்பம். மகள் எட்டிப் பார்த்த மாத்திரத்தில் அவள் கையைப் பிடித்துவிட்டார். 'ஃப்ரீ, ஃப்ரீ, பேபிக்கு கிஃப்ட்' என்றார். ஊசி இல்லாத சிரிஞ்சில் கறுப்பாக ஏதோ நிரப்பி வைத்திருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் புறங்கையில் ஒரு பூ விழுந்துவிட்டது. பாதியில் நிறுத்தினால் நன்றாக இருக்காதே, மகளும் ஆசைப்படுகிறாளே என்று, மீதியைப் போடச் சொன்னது நான்தான். அங்கேதான் தப்புச் செய்துவிட்டேன்.

போட்டு முடித்ததும் 400 திர்ஹம் கேட்டார். ஃப்ரீ என்றீர்களே என்றதற்குப் பதில் இல்லை. பக்கத்திலிருந்த இன்னும் இரண்டு பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். குரல் ஏற ஏற மகள் பயந்து என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். 200 கொடுத்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

அந்த நேரத்திலேயே மூக்கு எனக்குச் சொல்லியது. இலை வாசனை இல்லை, பெட்ரோல் மாதிரி ஒரு நெடி. பணத் தகராறில் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் காய்ந்து உதிர்ந்தது. மை போலக் கறுப்பாகப் பிடித்திருந்தது. மகளுக்கு ஒரே சந்தோஷம்.

9-ஆம் நாள், ஊர் திரும்பிய பிறகு, கை அரிக்கிறது என்றாள். மறுநாள் காலையில் பார்த்தால், அந்தப் பூவும் கொடியும் அப்படியே கொப்புளமாக எழும்பியிருந்தன. ஒரு இதழ்கூடத் தப்பவில்லை. கோடு போன இடமெல்லாம் சிவந்து தடித்து, நீர் கோத்திருந்தது. கோடு படாத தோல் சாதாரணமாக இருந்தது. தோல் மருத்துவர் பார்த்தவுடனேயே, "வெளிநாட்டில் கறுப்பு மருதாணி போட்டீர்களா?" என்று கேட்டார். பிறகு செய்த ஒட்டுச் சோதனையும் (ரசாயனத்தைத் தோலில் ஒட்டி ஒவ்வாமை பார்ப்பது) அதையே சொன்னது.

அந்த ரசாயனத்துக்குப் பெயர் பாராஃபெனிலீன் டையமைன், சுருக்கமாக பிபிடி. மருதாணி இலையிலுள்ள நிறமி தோலில் முதலில் செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும், ஒன்றிரண்டு நாளில் அடர்பழுப்பாகும். நன்றாகப் பற்ற மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். சீக்கிரம் பிடிக்க வேண்டும், கறுப்பாகவும் தெரிய வேண்டும் என்பதற்காக பிபிடி கலக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதைத் தலைச் சாயத்தில் அதிகபட்சம் 2 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறார்கள். தோலில் பூசவே கூடாது. கறுப்பு மருதாணி போட்டுக்கொண்டால் ஒவ்வாமை வரும் ஆபத்து கூடும் என்று அங்கே சாயப் பெட்டிகளிலேயே அச்சிட வேண்டும். தெருவில் சிரிஞ்சில் அடைத்திருப்பதில் எவ்வளவு இருக்கிறது என்று யார் அளந்து பார்த்தார்கள்?

இதில் கொடுமை என்னவென்றால், கொப்புளம் ஆறினாலும் விஷயம் முடிவதில்லை. உடம்பு ஒருமுறை பிபிடியை எதிரியாக எடுத்துக்கொண்டால் ஆயுளுக்கும் அப்படித்தான். நாளை பெரியவளாகித் தலைக்குச் சாயம் பூசினால் முகமே வீங்கிவிடலாம். சில துணிச் சாயங்கள், மரத்துப்போகப் பூசும் சில களிம்புகள்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

அங்கே போனால் குழந்தையை உங்களுக்கும் கணவருக்கும் நடுவில் நடக்க விடுங்கள். ஆல்பத்தை எட்டிப் பார்க்க நிற்காதீர்கள். யாராவது கையைப் பிடித்தால் மரியாதை பார்க்காமல் உருவிக்கொள்ளுங்கள். பாதி போட்டுவிட்டார்கள் என்றால் பாதியோடு எழுந்துவிடுங்கள். உடனே துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிரட்டினால் போலீஸ் என்று சத்தமாகச் சொல்லுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கென்று தனிக் காவல் பிரிவு அங்கே இருக்கிறது, அவசர எண் 19. ஏற்கெனவே போட்டுக்கொண்டு வந்துவிட்டீர்கள் என்றால், ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு வாரத்தில் விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடக் கிளம்பும். அரிப்பு தொடங்கிய அன்றே மருத்துவரிடம் போய், கறுப்பு மருதாணி போட்டோம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

மகளுக்கு ஸ்டீராய்டு களிம்பில் கொப்புளம் அடங்கியது. பூ இருந்த இடம் மட்டும் வெளிறிப்போய், வெள்ளைப் பூவாக இன்னும் தெரிகிறது. போன வாரம் பள்ளிப் படிவத்தில் ஒவ்வாமை என்ற கட்டத்தில் முதல் தடவையாக ஏதோ எழுத வேண்டியிருந்தது. எழுத்துக் கூட்டி அவளே எழுதினாள்.